யார் அனுப்பினார்கள் என்று கேட்கிறார்கள்

கீழ் கோத்தகிரி,
12.6.2018, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தமயந்திக்கு உன் அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம், என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது போன வருடமும் சுகமில்லை என்பதால் அதைப் புதுச்செய்தியாக எடுத்துக்கொள்ளாதே. நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், காய்ச்சலில் கிடந்தாலும் அதையேதான் சொல்வாய், ஆகையால் கேட்கவில்லை, சுகமாக இரு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் பேச வேண்டுமென்றால் சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி வளைவுக்குத்தான் போக வேண்டும், அங்கே நின்று பேசுவது நம் லயத்தில் பத்து வீட்டுக்கும் கேட்கும், ஆயம்மாள் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பாள். அது போகட்டும், போனில் நீ சிரித்துவிடுகிறாய். நீ சிரித்தால் நான் கேட்க வந்தது மறந்துபோகிறது. காகிதத்தில் அந்த வேலை நடக்காது. நீ அனுப்பிய மசூதிப் படம் போட்ட தபால் அட்டை ஆறாம் தேதி வந்து சேர்ந்தது, அதன் மூலையில் இருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் உறையில் எழுதியிருக்கிறேன். அந்த எழுத்துகளில் சிலவற்றுக்குத் தலையிலும் காலிலும் ஏதேதோ புள்ளி இருக்கிறது, எழுத்தா ஈ எச்சமா என்று தெரியாமல் இருந்ததையெல்லாம் அப்படியே போட்டிருக்கிறேன், வந்து சேர்ந்தால் உன் அதிர்ஷ்டம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. காட்டெருமை இரண்டு முறை வந்து நம் பீன்ஸ் கொடியை மிதித்துவிட்டுப் போயிற்று, தின்றிருந்தாலாவது மனசு ஆறும், சும்மா மிதித்துவிட்டுப் போயிற்று. நீ கிளம்பிய புதிதில் கேத்தியிலிருந்து உன் பெரியம்மா ஒரு மூட்டை காரட் கொடுத்தனுப்பினாள், கூடவே ஒரு வரன் பேச்சும் வந்தது, காரட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன். அந்த வரன் பேச்சில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள். பொண்ணு எங்கே வேலை செய்கிறது என்று கேட்டார்கள். காரட் இனிப்பாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

மாசி மாதம் நீ வந்து வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னபோது நான் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். என்ன குறை என்று கேட்டதற்கு ஒரு குறையும் இல்லை, நல்ல வேலை, நல்ல ஆட்கள், உலகத்தைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான் என்றாய். அந்த ரொட்டி கருகியது உனக்கு நினைவிருக்கும். எனக்குப் புரியவில்லை தமயந்தி, இன்றைக்கும் புரியவில்லை. குறை இருந்து வேலையை விட்டிருந்தால் புரிந்திருக்கும். சூப்பர்வைசர் திட்டினான், கூடை நிறையவில்லை, கால் முடியவில்லை, இப்படி ஏதாவது ஒன்று இருந்துதான் இந்த மலையில் ஆட்கள் வேலையை விடுவார்கள். குறை இல்லாத வேலையை விட்ட ஆளை நான் கண்ணால் பார்த்ததில்லை. விறகு பொறுக்கக்கூட இரண்டு பேர் சேர்ந்து போகிற ஊரில் இருந்துகொண்டு, தனியாகப் போகிறேன் என்று நீ முதுகுப் பையைக் கட்டியதை நான் வாசலில் நின்று பார்த்தேன், கூப்பிடவும் தெரியவில்லை, தடுக்கவும் தெரியவில்லை, தேங்காய்ச் சம்பலை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

நீ போனதும் ஊர் கேட்க ஆரம்பித்தது. எங்கே போயிருக்குது என்று யாரும் கேட்கவில்லை, பார்த்துக்கொள், யார் அனுப்பினார்கள் என்றுதான் கேட்டார்கள். கம்பெனி அனுப்பிச்சுதுங்களா, கட்டிக்கப் போறவன் கூப்பிட்டுக்கிட்டானா, யாரு அனுப்பிச்சாங்க என்று ஒவ்வொருவராக. கம்பெனிதான் அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறது என்று ஆயம்மாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அதே வாரத்தில் உங்கப்பா ஃபேக்டரியில், புள்ள துபாயில இருக்குதுங்க என்று சொல்லிவைத்திருக்கிறார். ஏனுங்க துபாய் என்று கேட்டால், வெளிநாடு என்றால் அவருக்கு அது ஒன்றுதான் வாயில் வந்ததாம். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், சேர்ந்து ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், நாங்களே இரண்டு வாயைத் திறந்துவிட்டோம். ஆயம்மாள் அக்கா ஒருநாள் என் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுத்துக்கொண்டே தணிந்த குரலில், பாலாமணி, மறைக்காம சொல்லு, புள்ளைக்குப் பேர் வெட்டிப்பிட்டாங்களா என்று கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஏனென்றால் அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. ஏதோ தப்பு நடந்து, செக்ரோல் பதிவேட்டில் உன் பேரை அடித்து வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள், பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு எங்கோ ஓடிப்போய் நமக்குச் சிரித்துக் காட்டுகிறது என்று நினைத்தேன். குறை ஒன்றும் இல்லை என்று நீ ஏன் சொன்னாய் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது போல இருந்தது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், கோபப்படாதே. பேர் வெட்டிவிட்டால் நம் தோட்டத்தில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். ஃபேக்டரியில் பாய்லர் பக்கத்தில் தூங்கினார் என்று உங்கப்பாவுக்குப் பேர் வெட்டியபோது உனக்கு ஐந்து வயது, உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஆபீஸ் வாசலில் நின்றேன், பவுல்ராஜ் அண்ணன் சங்கத் தலைவராக முன்னால் நின்று பேசினார், தோட்டத்து மேனேஜர் துரை கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து, தெரியாமல் நடந்துபோச்சு, மன்னித்து மறுபடி பேர் பதியுங்கள் என்று கேட்டோம், மூன்றாம் நாள் பதிந்தார்கள். அதேபோல உனக்கும் செய்துவிடலாம் என்று போன மாதம் இருபத்தெட்டாம் தேதி பவுல்ராஜ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். உங்கப்பாவிடம் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்றேன். அண்ணனுக்கு எழுபத்தொன்று ஆகிறது, சங்கத்தை விட்டுப் பத்து வருடம் ஆகிறது, இருந்தும் பழைய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

உன் கம்பெனி வாசலில் என் பையை ஒரு பெட்டிக்குள் விட்டுப் பார்த்தார்கள். அதில் மூன்று எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் இருந்தது. அந்த வாட்ச்மேன் பழத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்விட்டான், ஏதோ செய்வினை வைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்தானோ என்னவோ, தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நான் செருப்பைக் கழற்றினேன், கழற்றாதீங்கம்மா என்றான். போட்டுக்கொண்டு எப்படி ஆபீஸுக்குள் போவது, கையில் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே உன் மேனேஜர் நூருல்லா தம்பி வந்தார். துரை என்றால் வயதானவராக இருப்பார் என்று பார்த்தால் உன் வயதுதான் இருக்கும், ஊட்டி மெயின் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பமாம். அண்ணன் எழுந்து நின்று பழத்தை நீட்டி, எங்க பொண்ணு தமயந்தி தெரியாம செஞ்சுபோடுச்சுங்க, பெரிய மனசு பண்ணி பேரு பதியணுங்க என்று ஆரம்பித்துவிட்டார். நானும் கும்பிட்டேன். அந்தத் தம்பி பதறிப்போய் எழுந்தார். ஏனுங்கம்மா, கையைக் கீழே போடுங்க, அவங்கள யாரும் போகச் சொல்லலீங்க, இருக்கச் சொல்லி நாங்கதான் கெஞ்சினோம், பெரிய பொறுப்பு ஒன்னு குடுத்தோம், வேண்டாம்னுட்டாங்க என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தார். பேரைத் தானே வெட்டிக்கொண்ட பிள்ளைக்கு யாரிடம் போய்ப் பழம் கொடுப்பது, அதற்கு வழிமுறை எங்களுக்குத் தெரியாது. நீட்டிய பழத்தைத் திரும்ப வாங்கவும் கூடாதே. நல்ல வேளை அந்தத் தம்பி இரண்டு கையாலும் வாங்கித் தன் மேஜையில் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அதோடு வந்திருக்கலாம். பிள்ளை எங்கே இருக்கிறது என்று உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டேன். நீங்க பாக்கலீங்களா என்று தன் போனை நீட்டினார். நீ தேயிலைக்குள் நிற்கிறாய். தலையில் துணி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் பெரிய கத்திரி, அதில் ஒரு பை தொங்குகிறது, பின்னால் சரிவு, மழை மூட்டம். நான் நம் மலை என்றே நினைத்தேன். ஆத்தாடி, எங்க கீழ் கோத்தகிரிக்கு எப்ப வந்தா, எங்கிட்ட சொல்லவே இல்லையே என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். இல்லீங்கம்மா, இது துருக்கி, அங்கயும் தேயிலை இருக்குதுங்க, கொழுந்து வெட்டிக் குடுத்தா தங்க இடமும் சாப்பாடும் குடுப்பாங்களாம், நானும் இப்படிப் போகணும்னு நாலு வருஷமா நினைச்சுக்கிட்டே இருக்கிறேன் என்றார். அந்தத் தம்பி கண்ணில் உன்மேல் பொறாமை தெரிந்தது.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். உலகத்தைப் பார்க்கப் போன என் பிள்ளை போயும் போயும் தேயிலைச் செடிக்குள் போய் நின்றாளே. இங்கே இல்லாத தேயிலையா? பன்னிரண்டாம் வகுப்பு லீவில் நீ ஒருநாள் கூடையைத் தலையில் மாட்டிப் பார்த்ததற்கு உன்னை அடித்தேன், அதுதான் நான் உன்னைக் கடைசியாக அடித்தது, மறந்திருக்க மாட்டாய். கொழுந்தில் உன் விரல் படக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை வருடமாக என் விரல் கறுத்திருக்கிறது. மழையிலும் அட்டைக் கடியிலும் நின்றது எல்லாம் அதற்காகத்தான். கோத்தகிரிக்கு வருகிற பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன், அண்ணன் பாவம், கோட்டுப் பையில் இருந்த கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் உன் தபால் அட்டை வந்தது, ஜூலை முடிகிற வரை இந்த வீட்டில்தான், அவர்களுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒத்தாசையாம். என்ன ஒத்தாசை என்று எழுதாமல் விட்டாயே, அம்மாவுக்கு வலிக்கும் என்று உனக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் போய் நின்றிருக்கிறாய். ஏன் என்று எத்தனை நாள் யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் பிடிபடவில்லை. அந்தப் படத்தில் உன் பக்கத்தில் கத்திரி பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி சிரிக்கிறாள் அல்லவா, அவள்தான் தோட்டத்துக்காரி என்று நூருல்லா தம்பி சொன்னார். தோட்டம் சொந்தமாக இருந்தால் எதற்குத் தானே நின்று வெட்டுகிறாள்? அப்படியென்றால் துரை யார்? காலையில் பேர் கூப்பிடுவது யார், அங்கே பேர் வெட்டுவது யார்? இதையெல்லாம் கூடை போட்டுக்கொண்டு நிற்கும்போது நினைத்து நினைத்து, ஒருநாள் முற்றல் இலையையெல்லாம் பறித்துப் போட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன்.

நான் இலங்கையை விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. எனக்கு அந்தப் பயணத்தில் நினைவிருப்பது வாந்தி மட்டும்தான். இந்தப் பக்கம் இறங்கியதும் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் எங்கப்பாவிடம் எங்கே போகிறாய் என்று கேட்டார், நீங்க அனுப்புற எடத்துக்குங்க என்றார் எங்கப்பா. அப்படித்தான் இந்த மலைக்கு வந்தோம். அங்கே எங்கள் பாட்டன் போனதும் யாரோ அனுப்பித்தான், இங்கே நாங்கள் வந்ததும் யாரோ அனுப்பித்தான், கல்யாணமாகி இந்த லயத்துக்கு நான் வந்ததும் அப்படித்தான். நம் குடும்பத்தில் யாரும் தானாக எங்கும் போனதில்லை. அதனால்தான் ஊர் அந்தக் கேள்வி கேட்கிறது, அவர்கள்மேல் தப்பு இல்லை, எனக்கும் அதே கேள்விதான். கோபத்தில் கேட்கிறேன் என்று நினைக்காதே, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன், காலையில் எழுந்து பையை மாட்டிக்கொண்டு போ என்று உனக்கு யார் சொல்கிறார்கள்?

நேற்று ஒன்று நடந்தது. எஸ்டேட் ஆபீஸில் வருடா வருடம் வீட்டு ஆள் கணக்கு எழுதுவார்களே, அதற்கு என்னையும் அப்பாவையும் சேர்த்துக் கூப்பிட்டார் ஞானசீலன் ரைட்டர். முந்தின வாரம் நான் தனியாகப் போய், சொன்ன பொய்யை மாற்ற முடியாமல் அமெரிக்கா என்றே சொல்லியிருந்தேன், உங்கப்பா தனியாகப் போய் துபாய் என்று சொல்லியிருக்கிறார். ரைட்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ரெண்டு பேரும் ரெண்டு ஊர் சொல்றீங்க, புள்ள எங்கதான் இருக்குது, யார்தான் அனுப்பிச்சாங்க என்று கேட்டார். பின்னால் சனம் வரிசையில் நிற்கிறது, ஆயம்மாள் அக்கா என் தோளுக்குப் பின்னால் மூச்சு விடுவது கேட்கிறது. உங்கப்பா தரையைப் பார்க்கிறார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, துருக்கியில இருக்குதுங்க என்றேன். யாரு அனுப்பிச்சது என்றார் மறுபடி. நாந்தாங்க அனுப்பிச்சேன் என்று சொல்லிவிட்டேன். எதுக்கு என்றார். பாத்துட்டு வரத்தாங்க என்றேன். ரைட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னவோ எழுதினார், என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெளியே வந்ததும் உங்கப்பா தண்ணீர்த் தொட்டி வளைவில் நின்று, நீ எப்ப அனுப்பிச்சே என்று கேட்டார். இப்பத்தான் என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர எனக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை, தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நீ சந்தோஷப்படாதே. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வரை உன் இடத்தை அப்படியே வைத்திருப்பார்களாம், அதற்குள் வந்தால் வா, அப்புறம் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று நூருல்லா தம்பி சொன்னார். அவர் உனக்கும் எழுதுவதாகச் சொன்னார், ஆனாலும் நான் மறைத்தேன் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது, அதனால் எழுதிவிட்டேன். வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் நீ வந்துவிடுவாய், எனக்காக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இருப்பாய், அப்புறம் அதுவும் நான் அனுப்பிய இடமாகிவிடும். வராதே என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. தேதியைச் சொல்லிவிட்டேன், மற்றது உன் பாடு.

கத்திரியால் வெட்டுகிறாய் என்றால் செடியின் தலையை ஆழமாக வெட்டாதே, அடுத்த தளிர் வர நாளாகும், யார் தோட்டமாக இருந்தாலும் செடி செடிதான். இடுப்பில் சாக்குத் துணிப் படங்கை இறுக்கிக் கட்டு, ஈரம் ஏறினால் இந்த வயதில் தெரியாது, என் வயதில் தெரியும். அங்கே காலில் ஏறும் அட்டைப்பூச்சி உண்டா, இருந்தால் சோப்பையும் உப்பையும் குழைத்துக் காலில் பூசு. அந்தப் பாட்டியின் முழங்கால் எப்படி இருக்கிறது, என்ன தைலம் போடுகிறாள் என்று கேட்டு எழுது. அவள் தோட்டம் அவளுக்கு எப்படிச் சொந்தமாயிற்று என்றும் கேள், அதைத்தான் முக்கியமாகக் கேள். யார் கதவைத் தட்டினாலும் உடனே திறக்காதே. சம்பல் டப்பாவைத் தொலைத்துவிடாதே, அது ஆயம்மாள் அக்காவுடையது, மூன்று மாதமாகக் கேட்கிறாள்.

மாரியம்மன் உன் கூடவே நடக்கட்டும், நோய் நொடி இல்லாமல் போகிற ஊரிலெல்லாம் உனக்கு ஒரு கை சோறு கிடைக்கட்டும். உங்கப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், இனி துபாய் என்று சொல்ல மாட்டாராம். அனுப்பிய ஆளுக்கு ஒழுங்காகச் சேதி வர வேண்டும், அதுதான் முறை. பார்த்ததையெல்லாம் எழுது, பார்த்து முடிந்ததும் திரும்பி வந்து என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன்னை அனுப்பிய அம்மா,
மா. பாலாமணி